ஏரி மேலே போன கார்

அத்தியாயம் ஏழு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சவரியப்பன் தன் வீட்டில்தான் இருந்தார். அதைச் சொல்ல அவரைத் தவிர உலகத்தில் ஓர் ஆள் கிடையாது. மனிதர் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

"நல்லா யோசிங்கய்யா," என்றாள் கிருபாராணி. "பால்காரர், பேப்பர் போடறவர், கேஸ் சிலிண்டர், ராங் நம்பர்... அன்னிக்கு யாராவது உங்களைப் பாத்தாங்களா? பேசினாங்களா?"

சவரியப்பன் யோசித்தார். வயது அறுபத்தாறு. முப்பத்திரண்டு வருடம் கம்பெனி டூல் ரூமில் நின்றவர். வாயைத் திறந்தாலும் அளந்துதான் திறப்பார்.

"ஞாயித்துக்கெழம பூசையில பக்கத்துல நின்னவருக்கு சமாதானம் சொன்னேன். அவரும் கையெடுத்துக் கும்புட்டாரு. அதுக்கப்புறம் எங்கிட்ட பேசுனது புதன்கெழம காலையில வந்த போலீஸ்தாம்மா."

"மூணு நாள் வாயே தொறக்கலயா?" என்றார் சென்னப்பன். "அந்த வித்தைய எங்க வீட்டம்மாவுக்கு ஒருதரம் சொல்லிக் குடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

யாரும் சிரிக்கவில்லை. சென்னப்பனே தன் காதைச் சொறிந்துகொண்டு வாசல் பக்கம் பார்த்தார்.

இவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கிருபாராணி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஓசூரில் பதினெட்டு வருடம் தர ஆய்வுப் பிரிவில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். அதை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். ஒற்றை ஆள், ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. வழக்குக்கு வழக்கு அவளோடு அலையும் சென்னப்பன், தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் இருபது வருடம் கண்டக்டராக இருந்தவர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பாக்கிச் சில்லறை இல்லை என்று சொல்லத் தெரிந்தவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மேடம் என்பார்.

வழக்கு இதுதான். தேன்கனிக்கோட்டை ரோட்டோரம் ஓர் ஏரி. செவ்வாய்க்கிழமை மாலை, மொபெட்டில் பால் கேனோடு போன கரியப்பனை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கரியப்பன் ரோட்டோரப் பள்ளத்தில் கிடந்தார். தலையில் அடி, ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவு திரும்பவில்லை. பார்த்தவள் புல் அறுத்துக்கொண்டிருந்த பாப்பம்மா ஒருத்திதான். வெள்ளி நிறம், இடுப்பு உயரம்கூட இல்லாத கார், கூரையே கிடையாது என்று சொன்னாள். போலீஸ் மேற்கொண்டு தேடவே இல்லை. ஓசூர் முழுக்கச் சல்லடை போட்டாலும் அப்படிக் கார் ஒன்றே ஒன்றுதான். அது மூக்கண்டப்பள்ளியில், சவரியப்பன் வீட்டுத் தகர ஷெட்டில் நிற்கிறது. மூக்கில் ஒரு கீறல்கூட இல்லையே என்றால், ஃபைபர்தானே, ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டியிருப்பார் என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் ஹரீஷ்குமார் நல்ல மனிதர். இன்று சனிக்கிழமை மாலைவரை பொறுக்கிறேன், அதற்குள் சவரியப்பன் வீட்டில் இருந்தார் என்று ஓர் ஆளைக் காட்டுங்கள், இல்லையென்றால் கைது செய்யத்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"வண்டியப் பாக்கலாமாய்யா?" என்றாள் கிருபாராணி.

சவரியப்பன் படுதாவை விலக்கினார். விலக்கியதும் அவர் முகம் மாறிப்போனது. விருந்தாளிக்கு நடுவீட்டைக் காட்டுகிறவர் முகம்.

ஐம்பதுகளில் ஜெர்மனியில் பந்தயம் ஓடிய இரண்டு சீட் காரின் நகல் அது. மீனைப் போல வழவழவென்று இருந்தது. உடம்பு ஃபைபர், உள்ளே ஒரு பழைய காரின் இன்ஜின், அதுவும் பின்பக்கம்.

"நகல்னு தெரிஞ்சேதான் வாங்குனீங்களா?"

"தெரிஞ்சேதான். அசல் கெடச்சா என்ன பண்ணுவேன்? பூட்டி வெச்சிட்டு வாட்ச்மேன் வேல பாப்பேன். இதுன்னா ஓட்டலாம். மழையில நனையலாம். ஆனா ஒண்ணு, செய்யறத ஒழுங்கா செய்யணும். ஜூஜுவாடியில ராஜசேகர்னு ஃபைபர் வேல பாக்கறவரு. தண்ணித் தொட்டியும் செய்வாரு, கோயில் யானையும் செய்வாரு. அவரு சொன்னாரு, சார், நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கருக்கு இது தாங்காது, ரெண்டு இஞ்ச் ஏத்திடலாம்னு. நான் முடியாதுன்னுட்டேன். அசல் தரையிலிருந்து எவ்ளோ உயரமோ அவ்ளோதான். ஒரு நூல் ஏறக்கூடாது."

"அப்ப மேடு வந்தா?"

"சுத்திப் போவேன். எனக்கென்ன அவசரம்?" அவர் காரின் மூக்கைத் துணியால் துடைத்தார். "உடம்பு வார்த்த அச்சையும் ஒடச்சுடுங்கன்னு சொன்னேன். ஒடச்சுட்டேன்னாரு. நகல்தான்மா. நகல்லயாவது ஒண்ணே ஒண்ணா இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை."

கிருபாராணியின் கண், தொழில் பழக்கத்தில், குறையைத் தேடிக்கொண்டே போனது. ஓட்டுநர் சீட் தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. பக்கத்து சீட்டில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது, கடையிலிருந்து வந்த ஸ்டிக்கரோடு.

"வாங்கி எத்தன வருஷம்?"

"மூணு முடியப்போவுது."

"இது?"

"ஆள் வந்தா கழட்டலாம்னு விட்டேன்." சவரியப்பன் துணியை மடித்தார். "வீட்டம்மா போயி ஆறு வருஷம். பையன் ஸ்டீவ் ஆஸ்திரேலியாவுல. போட்டோ அனுப்பிச்சேன். கட்டைவெரல் போட்டான்."

கிருபாராணி அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் போனிலும் அப்படிக் கட்டைவிரல்கள் சில இருந்தன.

*

பாப்பம்மாவின் வாக்குமூல நகலைச் சென்னப்பன் பைக்கின் பின்னால் உட்கார்ந்தே நான்காவது தடவை படித்தாள் கிருபாராணி. 'ஏரிக்கு மேல்புறம் உள்ள தார்ச்சாலையில் வெள்ளி நிறக் கார் வேகமாக வந்ததைப் பார்த்தேன்.' சுத்தமான எழுத்துத் தமிழ். அதுதான் அவளுக்கு உறுத்தியது. புல் அறுக்கிறவள் 'மேல்புறம்' என்று எங்கே பேசுவாள்?

பாப்பம்மா மாட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் கேள்வியா என்று சலித்துக்கொண்டாள்.

"எத்தினி தடவ சொல்றது சாமி? ஏரி மேலே ஹோய்த்து. அவ்ளோதான்."

"ஏரி மேலயா?" என்றாள் கிருபாராணி. "தண்ணி மேலயாம்மா?"

பாப்பம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சென்னப்பனிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். சென்னப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னண்ணே சொல்றாங்க?"

"இந்தம்மாவுக்குப் படிப்பு அதிகமோன்னு கேக்கறாங்க மேடம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தமிழ்ல தண்ணி நிக்கறது ஏரி. கன்னடத்துல தண்ணி நிக்கறது கெரெ. அதைத் தடுத்து நிறுத்துற மண் கரை இருக்கு பாருங்க, அதுக்குத்தான் ஏரின்னு பேரு. கார் கரை மேல போச்சுன்னு இந்தம்மா சொல்லுது."

கிருபாராணி வாக்குமூல நகலை மறுபடியும் விரித்தாள்.

"ஸ்டேஷன்ல எழுதினது யாரு?"

"ரைட்டரு. அவருக்கும் உங்க ஊர்ப்பக்கம்தான். ஏரி மேலன்னதும் யோசிச்சிருப்பாரு. தண்ணி மேல கார் எப்பிடிப் போகும்? பாவம், பாட்டி தப்பாச் சொல்லுதுன்னு மேல்புறம் தார்ரோடுன்னு திருத்திட்டாரு. கரியப்பன் உருண்டு விழுந்ததும் ரோட்டோரம். சரியாப்போச்சு."

"அம்மா, கார்ல எத்தன பேர் இருந்தாங்க?"

"இப்பரு." பாப்பம்மா இரண்டு விரலைக் காட்டினாள். "ஒரு கண்டு, ஒரு ஹெண்ணு. கார் மூஞ்சியில ஹூவு." கையால் மாலை போலக் காட்டினாள். "அதையும் சொன்னேன் சாமி. எழுதிக்கறவன் சிரிச்சான்."

வாக்குமூலத்தில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, பூவும் இல்லை.

"மேடம்," என்றார் சென்னப்பன், "இந்தம்மா முழு டிக்கெட் குடுத்துருக்குது. ரைட்டரு அரை டிக்கெட்டா கிழிச்சிருக்காரு."

கரை மேல் ஏறிப் பார்த்தார்கள். ஒரு கார் போகும் அகல மண்பாதை. நடுவில் மதகு. மதகின் மேல் சிமெண்ட் மேடு, ஒட்டகத்தின் முதுகு மாதிரி. சுற்றிப் போக இடமில்லை. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் சரிவு. மேட்டைத் தாண்டிப் பத்தடியில் பால் கேனின் மூடி ஒன்று இன்னும் புல்லுக்குள் கிடந்தது.

கிருபாராணி மேட்டின் அருகே மண்டியிட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"அண்ணே, இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுங்க. சவரியப்பன் கார் இந்த மேட்டைத் தாண்டாது. தாண்டினா நான் பேக்கரி மாடியக் காலி பண்ணிடறேன்."

*

தாண்டியது.

பகல் பன்னிரண்டு மணி. கரை மேல் ஹரீஷ்குமார், இரண்டு கான்ஸ்டபிள்கள், புல்லுக்கட்டோடு பாப்பம்மா. எல்லார் முன்னாலும் சவரியப்பன் தன் வெள்ளிக் காரை மதகு மேட்டில் எறும்பு ஊர்வது போல ஏற்றினார். கிருபாராணி தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். காரின் வயிற்றுக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். அந்தக் கோடு அறுபடவே இல்லை. ஒரு கீறல் இல்லாமல் கார் அந்தப் பக்கம் இறங்கி நின்றது.

"ரெண்டு நூல், கால் இஞ்ச் எடம் இருந்துச்சு," என்றார் சவரியப்பன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட ஒரு நூலைக் குறைத்துச் சொல்ல அவருக்கு வரவில்லை.

ஹரீஷ்குமார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "மேடம், உங்க வேலைய மதிக்கறேன். தார்ரோடு இல்ல, கரைதான்னு கண்டுபிடிச்சீங்க. ஆனா கரையிலயும் இந்தக் கார் போகுதே? சார் வண்டியில ஏறட்டும். நம்ம ஜீப்புல."

சவரியப்பன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். "கரியப்பன் எப்பிடி இருக்காருங்க?" என்று கேட்டார். பிறகு சாவியைக் கைக்குட்டையில் சுற்றி கிருபாராணியிடம் நீட்டினார். "ஷெட்டுல விட்டுடுங்கம்மா. வேற யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல."

கிருபாராணி சாவியை வாங்கினாள். பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை நல்ல உருப்படியைத் தப்பு என்று ஒதுக்கியிருக்கிறாள். காரணம், அதை அளந்த விதம் தப்பு. எப்படி வேலை செய்யுமோ அப்படி வைத்து அளக்காமல், வெறுமனே மேசையில் வைத்து அளந்துவிட்டாள்.

வெறுமனே.

அவள் திரும்பி பாப்பம்மாவைப் பார்த்தாள். இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள். பாப்பம்மா தலையாட்டினாள்.

"சார், ஒரு நிமிஷம்! அன்னிக்குக் கார்ல ரெண்டு பேர். இப்ப நாம ஓட்டிப் பாத்தது ஒரு ஆளை வெச்சு."

"அதனால?"

"இன்னொரு ஆள் ஏறினா வண்டி அழுங்குமில்ல? ஐயா, எவ்ளோ அழுங்கும்?"

"தெரியாதும்மா," என்றார் சவரியப்பன். "இதுவரைக்கும் ஏறுனதில்லையே."

காற்றில் ஏரித் தண்ணீர் சலசலத்தது. ஹரீஷ்குமார் குனிந்து பக்கத்து சீட்டைப் பார்த்தார். மூன்று வருடத்துப் பிளாஸ்டிக், மங்கலாக.

"பிளாஸ்டிக் மேலயே யாராச்சும் உக்காந்திருக்கலாமே," என்றார், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"அதுக்குத்தான் ஏறிப் பாத்துடுவோம். நான் உக்கார்றேன்."

சவரியப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவரைவிட அந்தக் காரின் அடிவயிற்றைத் தெரிந்தவர் யார்? ஒரு ஆள் எடை ஏறினால் பின்பக்கம் இறங்கும். பின்பக்கம் இறங்கினால் முதலில் மாட்டுவது சைலன்சர். மூன்று வருடம் ஒவ்வொரு மேட்டையும் சுற்றிச் சுற்றிக் காப்பாற்றிய வண்டி.

"ஒடையும்மா," என்றார்.

"தெரியும்யா. ஒடைஞ்சாத்தான் நீங்க வீட்டுக்குப் போக முடியும். உங்க இஷ்டம்."

அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு குனிந்து பிளாஸ்டிக் உறையின் தையலை நகத்தால் பிரிக்கப் பார்த்தார். வரவில்லை. சென்னப்பன் பேனாக்கத்தியை நீட்டினார். உறை கழன்றது. உள்ளே தோல் புத்தம் புதிதாக, கறுப்பாக மின்னியது. சவரியப்பன் அதை உள்ளங்கையால் ஒருதரம் தடவிவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்கம்மா."

"மேடம் வெயிட்டு என்னிக்காவது ஊருக்கு ஒதவும்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்," என்றார் சென்னப்பன் பொதுவாக.

"அண்ணே, அடுத்தது நீங்கதான் மடியில."

கார் கரை முனைவரை போய்த் திரும்பி வந்து, மறுபடியும் மேட்டை நோக்கிக் கிளம்பியது. கிருபாராணிக்குக் கால் நீட்ட வசதியாக இருந்தது. தரை இத்தனை பக்கத்தில் ஓடுவது பயமாகவும் இருந்தது. பக்கத்தில் சவரியப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். முன்சக்கரம் ஏறியது. கார் நடுவில் கொஞ்சம் நின்று யோசித்தது. பின் 'கர்ர்ரக்' என்று, கரும்பு ஆலையில் கல் விழுந்தாற்போல ஒரு சத்தம்.

சைலன்சர் இரண்டாகப் பிளந்து மதகு மேல் கிடந்தது. சிமெண்ட்டில் முழ நீளத்துக்குப் புதுக் கோடு. ஹரீஷ்குமார் மண்டியிட்டுப் பார்த்தார். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பழைய கோடு ஒன்றுகூட இல்லை. காரின் அடியில் மூன்று வருடத்துத் தூசி அப்படியே இருக்க, புண் மட்டும் புதிதாகப் பளபளத்தது.

"ரெண்டு பேரோட இந்தக் கார் இங்க வரல," என்றாள் கிருபாராணி. "வந்தது இதே மாதிரி இன்னொண்ணு. கொஞ்சம் உயரமானது. ஒரு ஆணு, ஒரு பொண்ணு, மூஞ்சியில மாலை, சாயங்கால வெயிலு, ஏரிக்கரை. என்ன விசேஷம்னு நெனைக்கறீங்க?"

"கல்யாண போட்டோ!" ஒரு கான்ஸ்டபிள் தன்னை மறந்து கத்தினார். போன மாதம்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

"ஆனா அச்சை ஒடச்சுட்டேன்னாரே..." என்று ஆரம்பித்த சவரியப்பன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சென்னப்பன் காலையிலேயே வாங்கி வைத்திருந்த ராஜசேகர் நம்பரைத் தட்டி, ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார். ஸ்பீக்கரைப் போட்டு, விரலை உதட்டில் வைத்தார். இருபது வருடம் படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே அழைத்த குரல், தேன் ஒழுக வந்தது.

"ராஜசேகர் சாருங்களா? நமஸ்காரங்க. பையனுக்குக் கல்யாணம். ஏரிக்கரை மேல கார்ல போற மாதிரி போட்டோ புடிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். உங்ககிட்ட வெள்ளிக் கலர்ல ஒரு கார் இருக்குதாமே?"

"இருக்குதுங்ணா. யாரு சொன்னாங்க?"

"இந்த வாரம் எடுத்த பார்ட்டிதான். கரை மேல மேடெல்லாம் இருக்குமே, அடி தட்டாதுங்களா?"

"தட்டாதுங்ணா. ஒரு பெரியவருக்குச் செஞ்ச அச்சுதான், ஆனா இதை ரெண்டு இஞ்ச் ஏத்தி வெச்சிருக்கேன். நானே வந்து பக்கத்துல நின்னு பாத்துக்குவேன். ஆனா அடுத்த வாரம்தான் முடியும். முன்பக்கம் ஃபைபர் ஒட்டற வேல ஓடுது."

"அச்சச்சோ, என்னாச்சுங்க?"

அந்தப் பக்கம் ஏதோ தேய்க்கும் சத்தம் நின்றது. "மாடு குறுக்க வந்துடுச்சுங்ணா."

ஹரீஷ்குமார் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஜீப் ஜூஜுவாடி பக்கம் கிளம்பியது. ஏறுமுன் இன்ஸ்பெக்டர் சவரியப்பன் எதிரே வந்து நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

சவரியப்பன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "இன்னொண்ணு இருக்குது," என்றார் மெல்ல. வருத்தமா, கோபமா என்று கிருபாராணியால் பிரிக்க முடியவில்லை. "எனக்குத் தெரியாம, இத்தன நாளா, பத்து கிலோமீட்டர்ல. ஜோடி ஜோடியா ஏத்திக்கிட்டு."

*

சைலன்சர் இல்லாத காரை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? ஓட்டிக்கொண்டுதான். வேறு வழி இல்லை.

இன்ஜினைப் போட்டதும் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பின. சென்னப்பன் பைக்கில் பின்னால் வந்தார். காதில் வைக்கப் பஞ்சு கேட்டு ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்றுவிட்டார். கிருபாராணி பக்கத்து சீட்டிலேயே இருந்தாள். பேச முயன்றாள், தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சவரியப்பனும் ஏதோ சொன்னார். இருவரும் தலையாட்டிக்கொண்டே மூக்கண்டப்பள்ளி வந்து சேர்ந்தார்கள்.

தெருவில் திரும்பியபோது மணி இரண்டரை. ஷிப்டு முடித்தவர்கள் தூங்கும் நேரம். கார் முதல் வீட்டைத் தாண்டியது. ஒரு ஜன்னல் திறந்தது. மூன்றாவது வீட்டில் கைலியோடு ஓர் ஆள் வாசலுக்கு ஓடி வந்தார். மாடியில் துணி காயப்போட்டவள் எட்டிப் பார்த்தாள். நாய்கள் குரைத்தன. தொட்டில் குழந்தை ஒன்று வீறிட்டது. மூன்று வருடம் பூனை மாதிரி போய் வந்த கார், இப்போது தெருவையே கதவு கதவாகத் தட்டி எழுப்பிக்கொண்டு போயிற்று.

எதிர்வீட்டு வெங்கடம்மாள் கரண்டியோடு வந்து நடுத்தெருவில் நின்றாள். சவரியப்பன் பிரேக் போட்டார்.

"யோவ், என்னாய்யா சத்தம் இது? மனுசங்க குடியிருக்கற தெருவா, குவாரியா? யாரு நீ? எந்த ஏரியா?"

"எதிர்வீடுங்க," என்றார் சவரியப்பன்.

"என்னா?"

"எதிர்வீடு! ஏழு வருஷமா!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டிருக்க முடியாது.

வெங்கடம்மாள் கரண்டியைத் தாழ்த்தினாள். அவரை உற்றுப் பார்த்தாள். "அந்த வீட்டுல ஆளு இருக்குதா?" என்றாள்.

அதற்குள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். இது என்ன வண்டி, மைலேஜ் என்ன, யார் செய்தது, ஏன் இப்படிக் கத்துகிறது என்று ஆளுக்கொரு கேள்வி. சவரியப்பன் இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். கிருபாராணி மெல்ல இறங்கி, தெருமுனையில் பைக்கோடு நின்ற சென்னப்பனிடம் வந்தாள்.

"ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன் மேடம். இப்பவே வந்து மாட்டித் தர்றேன்னான். போயி சொல்லட்டுமா?"

கிருபாராணி திரும்பிப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில் சவரியப்பன் கையை விரித்து எதையோ அளந்து காட்டிக்கொண்டிருந்தார். வெங்கடம்மாள் அதை நம்பாமல் இன்னும் பெரிதாக அளந்து காட்டினாள்.

"வேணாம்ணே," என்றாள். "திங்கக்கெழம வரச் சொல்லுங்க."